கந்தகம் எடுத்த டீசலும் ஒரு டின் மல்லாட்டை எண்ணெயும்

ஒரு பொருளிலிருந்து எதையாவது எடுத்துவிட்டு, "முன்னைவிட இப்போது நல்லது" என்று விற்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பாலில் கொழுப்பை எடுத்தார்கள், பொறுத்துக்கொண்டேன். அரிசியில் தவிட்டை எடுத்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் டீசலில் கந்தகத்தை எடுத்தார்கள். காற்றுக்கு நல்லது, குழந்தைகளின் நுரையீரலுக்கு நல்லது என்றார்கள். நல்லதுதான், நான் மறுக்கவில்லை. எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்று மட்டும்தான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஆகவே நானே வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததற்கு என்னை மட்டும் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

எனக்கும் என் வீட்டுக்காரர் அந்தோணிக்கும் திண்டிவனத்தில் வேன் வாடகைத் தொழில். அப்போது இரண்டு வேன்கள். பழையதற்குப் பெயர் பெரியவன். அவன் கிளம்பினால் தெருவே மறையும் அளவுக்குப் புகை விடுவான், ஆனால் ஒரு நாளும் நடுவழியில் விட்டதில்லை. புதியது சின்னவன். புது விதிப்படி செய்த வண்டி, புது டீசல்தான் குடிப்பான். ஷோரூம் பையன் சாவியைக் கொடுக்கும்போது, "மேடம், இதுல புகையே வராது. ஆனா டீசல் சுத்தமா இருக்கணும், டேங்க்கு சுத்தமா இருக்கணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். ஏதோ நாங்கள் இத்தனை வருஷமும் சாக்கடையிலிருந்து மொண்டு ஊற்றியது போல!

எங்கள் ஷெட்டில் ஓர் இரும்பு டேங்க் உண்டு. மொத்தமாக டீசல் வாங்கி அதில் வைத்துக்கொண்டு இரண்டு வண்டிக்கும் அதிலிருந்துதான் போடுவோம். நாடு முழுக்கப் புது டீசல் வந்தபோது எங்கள் டேங்கிலும் அதுவே வந்து விழுந்தது. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பழைய நாற்றம் இல்லை. (நாற்றம் இல்லாத டீசலை எப்படி நம்புவது, சொல்லுங்கள்.)

பக்கத்து வீட்டு மதலைமுத்து அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவர்தான் முதலில் தீயை வைத்தார். "கந்தகம் போனா வழுவழுப்பு போச்சும்மா. உள்ள பம்பு காஞ்சி பூடும். பேஜாரு புடிச்ச டீசலு" என்றார். அதே வாரம் என் கைப்பேசிக்கும் அதே செய்தி நாலு பேரிடமிருந்து வந்தது. நாலு பேர் அனுப்பினால் உண்மையாகத்தானே இருக்கும்? (அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.)

சாதாரண நாளாக இருந்தால் சும்மா விட்டிருப்பேன். ஆனால் தை மாதம் என் தம்பி ஜெரால்டுக்குக் கல்யாணம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்கு இருந்தது நான் ஒருத்திதான். சட்டைக்குப் பட்டன் தைத்ததிலிருந்து பெண் பார்த்தது வரை எல்லாம் நான். விழுப்புரத்தில் பெண் வீட்டாரின் மாதா கோயிலில் கல்யாணப் பூசை. பெண்ணின் அம்மா, "மாப்ளை எந்த வண்டியில வருவாரு?" என்று கேட்டபோது, "புகையே இல்லாத புது வண்டிங்க, பட்டுச் சேலையில ஒரு பொட்டுக் கரி படாது" என்று மார்தட்டியிருந்தேன். அந்த வண்டியின் பம்பு காய்ந்து போனால் என் மானம் என்ன ஆவது?

ஓமந்தூரில் என் சித்தப்பா மகன் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறான். கல்யாணச் சமையலுக்கென்று செக்கில் ஆட்டிய எண்ணெய் இரண்டு டின் கொண்டுவந்து வைத்திருந்தான். எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிட்டாலும் மல்லாட்டை எண்ணெய்தான், மூட்டு பிடித்தாலும் மல்லாட்டை எண்ணெய்தான். வழுவழுப்பு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு போய் டேங்கின் மூடியைத் திறந்தேன்.

அந்தோணி ஓடி வந்தார். "இன்னா ஸ்டெல்லா பண்ணிக்கினு இருக்க?"

"டீசலுக்கு வழுவழுப்பு குடுக்கறேங்க."

"வேணாம்டி. கம்பெனிக்காரன் அந்த புக்குல எதுவும் கலக்காதீங்கன்னு போட்டுருக்கான்."

"கம்பெனிக்காரனுக்கு மல்லாட்டையப் பத்தி இன்னாங்க தெரியும்?"

கேட்டுக்கொண்டே ஊற்றினேன். ஒரு நீளக் கழியால் கிண்டியும் விட்டேன். (இந்தக் கழி சமாச்சாரத்தை அவர் இன்றுவரை யாரிடம் கதை சொன்னாலும் விடுவதில்லை.) பிறகு இரண்டு வண்டிக்கும் வயிறு முட்ட நிரப்பினோம்.

காலையில் நல்ல பனி. சின்னவனில் மாப்பிள்ளை, நான், உறவுக்காரர்கள் ஏறினோம், அந்தோணி ஓட்டினார். பேண்டு செட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வரச் சொல்லி, பெரியவனை டிரைவர் ஏழுமலையிடம் கொடுத்திருந்தேன். ஏழுமலை மேல்மலையனூர்ப் பக்கத்துப் பையன், வாயும் வண்டியும் ஒரே வேகத்தில் ஓடும். எங்கள் வண்டியில் ஒருவர் வாயிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை. பூசையில் நன்மை, அதாவது சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம், வாங்குகிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எங்கள் குடும்பத்தில் ஒரு படி மேலே போய், எழுந்ததிலிருந்தே சாப்பிட மாட்டோம்.

கூட்டேரிப்பட்டு வரை சின்னவன் ராஜா மாதிரி போனான். அதைத் தாண்டியதும் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்புறம் இன்னொன்று. அந்தோணி எவ்வளவு மிதித்தும் வண்டி மாட்டு வண்டி வேகத்தில் நகர்ந்தது. விக்கிரவாண்டிக்கு முன்னால் ஓரமாகப் போய் நின்றேவிட்டது. பட்டு வேட்டியில் தம்பி இறங்கி நெடுஞ்சாலை ஓரம் நின்றான். லாரிக்காரன் ஒவ்வொருவனும் ஆரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனான்.

பங்குச் சாமியாரிடமிருந்து போன் வந்தது. "எங்கம்மா இருக்கீங்க? எனக்குப் பூசை முடிஞ்சதும் ஓர் அடக்கம் இருக்கு. பெரிய குடும்பம், அவங்களக் காக்க வைக்க முடியாது. ஜல்தியா வரலன்னா கல்யாணம் சாயங்காலத்துக்குத்தான்." செத்துப்போனவர் காத்திருக்க முடியாதாம், என் தம்பி காத்திருக்கலாமாம்! சாலை ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் கண்டுபிடித்தது என் பெரியம்மா. "யாரோ பஜ்ஜி போடறாங்க" என்று மூக்கை உயர்த்தினார். வெறும் வயிற்றில் இருந்த அத்தனை பேரும் திரும்பித் திரும்பிக் கடையைத் தேடினார்கள். கண்ணுக்கெட்டியவரை கடையே கிடையாது. வாசனை மட்டும் நெருங்கி நெருங்கி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி என்றார் ஒருவர், இல்லை மிளகாய் பஜ்ஜி என்றார் இன்னொருவர். வாக்குவாதம் முற்றும் நேரத்தில் வளைவில் பெரியவன் திரும்பினான், பின்னால் ஒரு மேகத்தை இழுத்துக்கொண்டு.

ஏழுமலை தலையை நீட்டினான். "அக்கா, டேங்க்குல இன்னாக்கா ஊத்துன? திண்டிவனத்துலேர்ந்து வழியெல்லாம் ஜனங்க வண்டியப் பாத்து எச்சி முழுங்கிக்கினு நிக்கறாங்க! ஒருத்தரு பிளேட் இன்னா வெலைன்னு கேக்கறாரு!"

எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காத மனிதர் அன்றைக்குப் பார்த்துத் திறந்தார். "ஒரு டின் மல்லாட்டை எண்ணெய். கழி வச்சிக் கிண்டினா" என்றார் அந்தோணி.

வாதாட நேரமில்லை. தம்பியைப் பெரியவனுக்குள் திணித்தோம். இடமில்லாததால் பெரிய டிரம்மை அவன் மடியிலேயே வைத்தார்கள். நான் கிளாரினெட்காரருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். மற்றவர்களைப் பஸ் பிடித்து வரச் சொன்னேன். பெரியவனின் தரைத் தகட்டில் ஓர் ஓட்டை உண்டு. வெளியே போகிற புகையில் பாதி அதன் வழியே திரும்ப உள்ளே வந்துவிடும். விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் எங்களை அந்தப் புகை நன்றாகவே பொரித்து எடுத்திருந்தது.

(ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதே டேங்க், அதே எண்ணெய். பெரியவன் நிற்கவில்லை. இதை நான் சொன்னால் மட்டும் வீட்டில் யாருக்கும் காது கேட்காது.)

கோயில் வாசலில் சாமியார் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். தம்பி ஓடிப்போய்க் கும்பிட்டான். அவர் முகம் மாறியது. ஒருமுறை மோந்தார். இன்னொருமுறை மோந்தார். பிறகு கோயிலே கேட்கும் குரலில் கேட்டார்:

"ஜெரால்டு, பூசைக்கு வர்றப்ப பஜ்ஜி துன்னுட்டு வந்துருக்கியா?"

"ஐயோ, இல்ல ஃபாதர். ஒண்ணுமே துன்னல."

"பின்ன இன்னாய்யா இந்த வாசனை?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வளர்த்த பிள்ளை, நான் சோறூட்டிய பிள்ளை, கொஞ்சமும் தயங்காமல் சொன்னான்:

"அது எங்கக்கா ஃபாதர்."

மணப்பெண் சிரிக்க ஆரம்பித்தாள். பீடத்துக்கு முன்னால் சம்மதம் கேட்கும்போதும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாமியார் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் "சம்மதம்" என்ற சொல் முழுதாக வெளியே வந்தது. கல்யாணம் நேரத்துக்கு முடிந்தது, செத்தவரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனாலும் ஒருவர்கூட என்னிடம் நன்றி சொல்லவில்லை.

சின்னவனை விழுப்புரம் ஒர்க் ஷாப்புக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். டீசல் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கேப்பைக் கூழ் மாதிரி ஒரு சமாச்சாரம். தெளிய வைக்காத எண்ணெயில் புண்ணாக்குத் தூள் இருந்ததாம், பனிக்கு வேறு இறுகிப்போனதாம். "கந்தகத்த எடுத்தா வழுவழுப்புக்குக் கம்பெனியே மருந்து கலந்துதான் அனுப்புவாங்க மேடம்" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். இதை முன்னாலேயே ஊருக்குச் சொல்ல யாருக்கு வாய் வலித்தது? மதலைமுத்து அண்ணனைப் போய்க் கேட்டேன். "நானா எண்ணெய ஊத்தச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கைப்பேசியில் செய்தி அனுப்பிய நாலு பேரும் நான் எழுதி அனுப்பிய புலம்பலைப் படித்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

டேங்கைக் காலி செய்து, பல வருஷத்து அடிச் சேற்றைச் சுரண்டி, துணியால் ஈரமில்லாமல் துடைத்து, காயவைத்து, புது டீசல் நிரப்பினோம். கலவை டீசல் ஓமந்தூருக்கே, சித்தப்பா மகனின் பழைய பம்பு செட் இன்ஜினுக்குப் போனது. அந்தப் பருவம் முழுக்க அவன் தண்ணீர் பாய்ச்சும்போதெல்லாம் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் டீ டம்ளரோடு வந்து நின்றார்களாம். சின்னவன் திரும்பி வந்ததும் அவன் சைலன்சரில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. கோபம் இன்னும் அதிகமானது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வடை சுட்டாலும், அப்பளம் பொரித்தாலும், யாராவது ஒருவர், "இன்னா வாசனை?" என்று கேட்பார். வேறு ஒருவர், "அது எங்கக்கா ஃபாதர்" என்பார். அதை முதலில் சொல்வது பெரும்பாலும் தம்பி பெண்டாட்டிதான். என்னைப் பார்த்தாலே, "அண்ணி, எண்ணெ மிச்சம் இருக்கா?" என்பாள்.

போன மாதம் மூன்றாவது வண்டி எடுத்தோம். அந்தச் சாமியார் இப்போது வல்லம் பக்கம் மாற்றலாகிப் போயிருக்கிறார். எனக்குப் பழைய பகை எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக அவரிடமே மந்திரிக்கக் கொண்டுபோனேன். தீர்த்தத்தோடு வந்தவர் நேரே வண்டியின் பின்பக்கம் போனார். சைலன்சர் பக்கத்தில் குனிந்தார். மோந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "வாசனையே இல்லயே?" என்றார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டி ஜன்னலிலிருந்து தம்பி மகள், இன்னும் பள்ளிக்கூடமே போகாத குட்டி, தலையை நீட்டிக் கத்தினாள்:

"எங்கத்தை இன்னும் ஊத்தல ஃபாதர்!"