நீலக் கட்டம் போட்ட சட்டையின் ஆயுள்

இனிமேல் இந்த வீட்டில் ஒரு துணிகூட அற்பாயுசில் போகக் கூடாது! ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கூடத் தேய்க்காமல் நான் செய்த சபதம் இது.

காரணம் இருக்கிறது. எழுந்து கூடத்துக்கு வந்தால், என் மனைவி கையில் கத்திரிக்கோல். மடியில் என் நீலக் கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையைப் போட்டால் எனக்குத் தொப்பை தெரியாது. உலகத்தில் வேறு எந்தச் சட்டைக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"ஏய், ஏய்! என்ன பண்றே?"

"தரை துடைக்கத் துணி இல்லை. இதை நாலாக் கிழிக்கப் போறேன்."

"அடிப்பாவி, அது சட்டை!"

"சட்டையா? காலரைப் பாருங்க, எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"அது ஒண்ணும் வயசாகிப் போகலை. நீ துவைச்சுத் துவைச்சே கொன்னுட்டே!"

சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் என்றைக்கு என்னைக் கேட்டுக்கொண்டு பேசியிருக்கிறது?

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்படியா? பின்னே எப்படித் துவைக்கணும்? சொல்லுங்களேன், தெரிஞ்சுக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் 'சொல்லுங்களேன்' என்றதே இல்லை. நான் உருகிவிட்டேன். முடிதிருத்தும் கடையில் காத்திருந்தபோது போனில் படித்ததையெல்லாம் எடுத்து விட்டேன்.

"துணியை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிப் போடணும். வெள்ளையும் கலரும் மாமியார் மருமக மாதிரி, ஒரே தொட்டியில விடக் கூடாது. பொத்தானைக் கழட்டணும், ஜிப்பை மூடணும். மெஷினைத் திணிச்சு நிரப்பக் கூடாது. சோப்புத்தூளை அள்ளிக் கொட்டக் கூடாது. சுள்ளுனு வெயில்ல காயவிடாம நிழல்ல உலர்த்தணும். முக்கியமா, அழுக்கு வேலைக்குப் பழைய துணி, வெளியே போக நல்ல துணி. மாத்திப் போட்டா ரெண்டும் பாழ்!"

"கடைசியா சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். விரலை ஆட்டி, அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன்.

"சரி. ஒரு மாசம் வீட்டுத் துணி பூரா உங்க பொறுப்பு. ஒண்ணுகூடச் சாயம் போகாம, சுருங்காம இருந்தா சட்டை உங்களுக்கு. ஏதாவது ஒண்ணு போச்சோ, சட்டை வாளிக்கு."

"பூராவுமா? நான் என் சட்டையை மட்டும்..."

"ஏன், பயமா?"

பயம்தான். ஆனால் மீசை வைத்துக்கொண்டு அதை எப்படி வெளியே சொல்வது?

அப்புறம் நான் பட்டது நாய் படாத பாடு. போர்வை வந்தது, திரைச்சீலை வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் கண்ணாலேயே பார்த்திராத துணியெல்லாம் பரணிலிருந்து இறங்கி வந்தது. ஒவ்வொன்றையும் திருப்பி, பிரித்து, உதறி, நிழல் தேடிக் கொடிக்குக் கொடி மாற்றினேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன்.

மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வீட்லயே வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?"

"பந்தயம் சார்! ஜெயிக்கப் போறேன்."

"ஜெயிங்க, யாரு வேண்டாம்னா? கொஞ்சம் மறைவா உலர்த்துங்க. என் சம்சாரம் உங்களைப் பார்த்துட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கறா."

அடுத்த ஞாயிறு அவர் கையிலும் ஒரு வாளி. என்னோடு பேச்சு வார்த்தை கிடையாது.

நான் விடவில்லை. தெருமுனை டெய்லரிடம் சட்டையைக் கொடுத்து, காலரைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைக்கச் சொன்னேன். நைந்த பக்கம் அடியில் போய்விட்டது. சட்டைக்குக் கழுத்தளவில் மறுபிறவி.

மாதம் முடிந்தது. அவள் ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். இழுத்துக்கூடப் பார்த்தாள். ஒரு குறை இல்லை!

"தோத்துட்டேன்" என்று பெருமூச்சு விட்டு, இரண்டு கையாலும் சட்டையை நீட்டினாள். அங்கேயே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். தொப்பையைக் காணோம்.

"ராஜா மாதிரி இருக்கீங்க" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உள்ளே போனவள் பச்சைப் புடவையில் வந்தாள். நான் நிழலில் உலர்த்திய அதே புடவை. "மாடி வீட்டு அக்காவோட கடைவீதி வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"தரை துடைக்கலையா?" என்றேன். மறுபடியும் இந்தப் பாழாய்ப்போன வாய்!

"இந்தப் புடவையிலயா? நல்ல துணியோட அழுக்கு வேலை செஞ்சா என்ன ஆகும்?"

"பாழாயிடும்."

"அப்ப எதைப் போட்டுக்கிட்டுச் செய்யணும்?"

"பழசை."

"இப்போ இந்த வீட்ல பழசு போட்டிருக்கறது யாரு?"

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து தரை துடைக்கிற புத்தம்புது மாப் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். "பந்தயம் கட்டின அன்னிக்கே வாங்கி வெச்சுட்டேன். மூலையெல்லாம் விட்டுடாதீங்க, என்ன?"

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. மேலே மருந்துக்கடைக்காரர் வீட்டிலும் வாளி நகர்கிற சத்தம் கேட்டது.

ஒரு மாதம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய சட்டை கடைசியில் தரை துடைக்கத்தான் போயிற்று. உள்ளே நான் இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.