செல்லோடேப் சாரும் சித்தேரி பஸ்ஸும்

மொரப்பூர் கடைத்தெருவில் விற்ற செல்லோடேப்பில் முக்கால் பங்கைத் தனி மனிதராகத் தீர்த்தவர் எங்கள் செல்லோடேப் சார். மீதிக் கால் பங்கில்தான் மற்றவர்கள் கல்யாணப் பரிசுகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு அந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நானும் அவரும் ஒரே ஆய்வகம். ஆசிரியர் விடுதியில் ஒரே அறை. வேலையும் ஒன்றுதான்: காற்றில் கலந்திருக்கும் வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்வது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர்மேல் எனக்குப் பொறாமை. லேசான பொறாமை இல்லை, சோறு தொண்டையில் இறங்காத பொறாமை.

என் கருவி கடையில் வாங்கிய சென்சாரை வைத்துச் செய்தது. உள்ளே ஒரு ஹீட்டர் எந்நேரமும் சூடாக இருக்க வேண்டும். அது பேட்டரியைக் கரும்பு மாதிரி மென்று துப்பியது. அவருடையது கிராபீன். கிராபைட் துண்டின்மேல் டேப்பை ஒட்டி உரிப்பார். உரித்ததை இன்னொரு டேப்பில் ஒட்டி மறுபடி உரிப்பார். ஓர் அணு கனத்துக்கு வரும்வரை உரித்துவிட்டு, அந்தக் கரித்தாளை ஒரு சிலிக்கான் சில்லில் ஒட்டி இரண்டு கம்பி சேர்த்துவிடுவார். அறையில் டேப் ஒட்டாத இடமே கிடையாது. அவர் இடது கையில் ஒரு முடிகூட மிச்சமில்லை. சட்டை முதுகில் கறுத்த டேப் ஒன்று தொங்க, நான் ஒரு மணி நேரம் பாடம் நடத்திய நாளும் உண்டு.

விடுதிச் சமையல்காரர் முனியப்பன் ஒருநாள் செல்லோடேப் சாரிடம் கேட்டார்: "அந்தக் கரிக்கு எப்படிங்க சார் வாசம் தெரியும்?"

"சித்தேரி பஸ்ஸு மலை ஏறறப்ப ஒரு ஆள் கூட ஏறுனாலும் டிரைவருக்குத் தெரியுதில்லீங்க? அதே மொரப்பூர்ல ரயில்ல நூறு பேர் ஏறுனா இஞ்சினுக்குத் தெரியுமா? கனமான கரி ரயிலுங்க. இது பஸ்ஸு. மேல நாலு அம்மோனியா வந்து ஒக்காந்தாப் போதும், கரண்டு போறதுக்குச் செரமப்படும். அந்தச் செரமத்தைத்தான் அளக்கறோம்."

"ஒக்காந்தது எறங்குங்களா?"

"அதாங்க தொல்லை. லேசுல எறங்காது. கொஞ்சம் சூடு காட்டுனா எறங்கிடும்."

முனியப்பனுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. என் கருவியைப் பற்றி அதே முனியப்பனிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சரிங்க சார், இன்னொரு தோசை வெக்கட்டுங்களா?" என்பதற்குமேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்து வார்டன். தன் தலைமுடி இயற்கையாகவே கறுப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கிராபீன் கருவியின் எண் விறுவிறுவென்று ஏறியது. செல்லோடேப் சார் கள்ளம் கபடமில்லாமல், "சார், புது டையிங்களா? அம்மோனியா ஜாஸ்தி இருக்குது, வேற பிராண்டு பாருங்க" என்றார். விடுதியே ஒரு வாரம் சிரித்தது. வார்டன் அதற்கப்புறம் எங்கள் அறைப் பக்கமே வரவில்லை. நான்கூடச் சிரித்தேன், வயிற்றெரிச்சலோடு.

பிறகுதான் மாதம்மா அக்கா விஷயம். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர். மழை பெய்தால் ஷெட்டைப் படுதா போட்டு மூடிவிடுவார். உள்ளே இலைக் கழிவும் புழு எச்சமும் ஈரத்தில் கிடந்து அம்மோனியா கிளம்பும். போன தடவை கூடு கட்ட இரண்டே நாள் இருக்கும்போது அத்தனை புழுவும் செத்துப்போனது. இந்தத் தடவை எங்கள் இரண்டு கருவிகளையும் அங்கே மாட்டச் சொன்னார் பிரின்சிபால். எது சரியாக வேலை செய்கிறதோ அது கல்லூரியின் கருவி. மற்றது மூட்டை கட்டப்படும்.

நான்கு நாள் கிராபீன் அருமையாக வேலை செய்தது. எண் ஏறினால் அக்கா படுதாவைத் தூக்குவார். பிறகு ஒரு குட்டி பல்பு சூடு காட்ட, எண் இறங்கிவிடும். என்னுடையது அக்கா அடுப்பு பற்ற வைத்தாலும் கத்தியது. எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

ஐந்தாம் நாள் பிரின்சிபால் நேரில் வந்தார். நல்ல மழை. ஷெட் மூடியிருந்தது. உள்கோடியில் என் கருவி கத்திக்கொண்டிருந்தது. வாசலோரம் இருந்த கிராபீன் சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது.

"உங்களது சும்மாவே கத்தும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் பிரின்சிபால். "அவரோடது பூஜ்யம் காட்டுதே, ஷெட் நல்லாத்தான் இருக்குது. மூடியே இருக்கட்டும்மா."

செல்லோடேப் சார் குனிந்து புழுத் தட்டுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

"அவருதுதான் சரி சார். என்னுது பொய் சொல்லுது. அக்கா, படுதாவைத் தூக்குங்க, சீக்கிரம்."

அக்கா பதறிக்கொண்டு தூக்கினார். புழுக்கள் பிழைத்தன. என் கருவி ஜெயித்தது.

அது ஏன் பொய் சொன்னது என்று எனக்கு அப்போதே தெரியும். பெரிய சார் வருகிறார் என்ற மரியாதையில் அக்கா வாசல் முழுக்க பிளீச்சிங் பவுடரை வெள்ளை வெளேரென்று கொட்டியிருந்தார், கிராபீனுக்கு நேர் கீழே. அம்மோனியா எலெக்ட்ரானைக் கொடுக்கும், பவுடரிலிருந்து கிளம்பும் குளோரின் பிடுங்கும். ஒன்று ஏற்ற, இன்னொன்று இறக்க, எண் பூஜ்யத்தில் நின்றது. கருவியில் ஒரு குறையும் இல்லை, தொங்கிய இடம்தான் தப்பு. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் என் ஷூ மேல் ஒட்டியிருந்த பிளீச்சிங் பவுடரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் அவரே கண்டுபிடித்துவிட்டு அறைக்குள் ஓடிவந்தார்.

"பிளீச்சிங் பவுடருங்க! நீங்களும் அங்கதான நின்னீங்க, ரெண்டு பேருக்குமே தோணலை பாருங்க. உங்களுக்குத் தோணியிருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார். அந்த நம்பிக்கைமேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிரின்சிபாலிடம் போய் நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குள் செல்லோடேப் சார் தன் கருவியை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊரில் வேலை தேடிப் போய்விட்டார். இதை அவர் படித்தால் படிக்கட்டும்.

இப்போது அறை முழுக்க எனக்குத்தான். படு சுத்தம். வகுப்புக்குக் கிளம்பும்போது இன்னமும் சட்டை முதுகைத் தடவிப் பார்க்கிறேன். ஒன்றும் ஒட்டியிருப்பதில்லை. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.