குறிச்சிக்கோட்டை தாண்டாத கார்

முருகன் துணை

அனுப்பர்பாளையம்,
12.9.2007

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை வேல்குமார் அவர்களுக்கு, மாமன் கந்தவேல் எழுதிக்கொண்டது. அங்கு தாங்களும், என் மகள் ஜெயசுதாவும், பேரன் தனுஷும், புதிதாக வந்த பாப்பாவும், தங்கள் அத்தையும் சுகமாக இருக்க அலகுமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கு நானும் காரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. நான் சுகம். கார் சுகமில்லை.

கடிதம் வீட்டுக்கு வராமல் உங்கள் அமராவதி அணைக்கட்டு ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். காரணமாகத்தான் அனுப்பினேன். போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் பாதி சொல்வதற்குள் பின்னாலிருந்து உங்கள் அத்தையின் தொண்டைக் கனைப்பு கேட்கிறது, எனக்கு மீதிப் பாதி மறந்துவிடுகிறது. அப்புறம் அவளே வாங்கி, சாப்பிட்டீங்களா என்கிறாள். ஆச்சு என்கிறேன். மாத்திரை என்கிறாள். ஆச்சு என்கிறேன். அதற்குள் தனுஷ் பிடுங்கிக்கொண்டு, "அப்புச்சி, கார் எப்ப வரும்?" என்கிறான். ஏழு மாதமாக எங்கள் இரண்டு பேருடைய பேச்சும் இந்த இரண்டு 'ஆச்சு'வைத் தாண்டவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் ஜெயசுதாவின் இரண்டாம் பிரசவத்துக்கு, நாற்பது நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் உங்கள் அத்தை பஸ் ஏறினாள். அவள் அங்கே இருக்கும்போது இங்கே நான் என்ன பண்ணினேன் என்றால், பனியன் பட்டறையைக் கொடுத்துவிட்டேன். எனக்கும் வயது அறுபத்தொன்று ஆச்சு, ஓவர்லாக் மிஷின் சத்தத்தில் காது பாதி போச்சு, காதர்பேட்டை வியாபாரிகளிடம் நாளைக்கு அனுப்பறேன், நாளன்னைக்கு அனுப்பறேன் என்று சொல்லிச் சொல்லி நாக்கு பாதி போச்சு, மிச்சம் இருப்பதையாவது வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்போம் என்று மிஷின், மேஜை, அயர்ன் பாக்ஸ், டியூப்லைட் எல்லாவற்றையும் ஒரே பார்ட்டிக்குத் தள்ளிவிட்டு வெள்ளைக் கலரில் ஒரு கார் எடுத்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை. காரில் வந்து உங்கள் வாசலில் இறங்கினால் அவள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள், அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. ஆனால் ஜெயசுதா மூலமாகச் சேதி முந்திக்கொண்டது. போன் வந்தது. செக்கிங் மேஜையையும் கொடுத்துட்டீங்களா என்று கேட்டாள். ஒண்ணு விடாமல் போச்சு என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்புறம் நான் அங்க வந்து என்னங்க பண்றது?" என்றாள்.

கார்ல சுத்தலாம் என்றேன். போனை வைத்துவிட்டாள். நான் டவர் இல்லை என்று நினைத்து இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இருபத்து நான்கு வருஷம் அந்த மேஜை முன்னால் நின்றவள் அவள். ஒவ்வொரு பனியனையும் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் எதுவாக இருந்தாலும் அங்கே ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். அவள் கண்ணைத் தப்பி ஒரு பீஸ் வெளியே போனதில்லை. அந்தக் கை வீட்டுக்குள்ளும் சும்மா இருக்காது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. போன வாரம் குளிக்கப் போனால் ஒழுகுகிற குழாயில் ஒரு அம்பு. என் கட்டம்போட்ட சட்டையில் பட்டன் போன இடத்தில் ஒரு அம்பு. என் கண்ணாடிக் கூட்டின் மேல் ஒரு அம்பு, அதில் என்ன குறை என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. கிளம்பும் முன்னால் ஒட்டியிருக்கிறாள், நான்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லை. சட்டையைப் பட்டன் இல்லாமலே போட்டுக்கொள்கிறேன், அம்பைப் பிய்க்க மனசு வரவில்லை. வீடு அத்தனை சத்தமில்லாமல் கிடக்கிறது மாப்பிள்ளை. சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்குப் போகிறேன், அங்கே ரசம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரும் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா என்று கேட்பதில்லை.

சரி, கார் கதை. வைகாசியில் நல்ல நாள் பார்த்து, நாலு முழம் குண்டுமல்லி வாங்கி முன் சீட்டில் வைத்துக்கொண்டு, உங்கள் அத்தையைக் கூட்டிவரக் கிளம்பினேன். பல்லடம் வரைக்கும் ஜோர். உடுமலை வரைக்கும் ஜோர். உடுமலை தாண்டிக் குறிச்சிக்கோட்டை வந்தது, எழுபதில் போன வண்டி அறுபது, ஐம்பது, முப்பது என்று இறங்கிக்கொண்டே போகிறது. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், ஆக்ஸிலேட்டருக்குக் காது கேட்கவில்லை. பின்னால் வந்த பால்காரன் சைக்கிள் மணியை அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனான், போகிறவன் திரும்பி வேறு பார்த்தான். அமராவதி நகருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், நடுவழியில் நின்றுவிட்டால் மாப்பிள்ளை ஊரில் மானம் போய்விடும் என்று வண்டியைத் திருப்பினேன். திருப்பினதுதான் தாமதம், கார் சிட்டாகப் பறக்கிறது. அமராவதியைப் பார்த்தால் படுத்துக்கொள்கிற வண்டி, திருப்பூரைப் பார்த்தால் பறக்கிறது. இந்த மாதிரி ஒரு கோளாறை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

ஷோரூமுக்குப் போன் போட்டேன். அங்கே சர்வீஸைப் பார்த்துக்கொள்கிற தம்பி ஜெபக்குமார் என்று பேர், சாத்தான்குளம் பக்கம், தங்கமான பையன். வண்டியில் பிக்கப் இல்லீங்க தம்பி என்றேன். "பிக்கப்தானே சார், நாளைக்குக் காலையிலேயே அனுப்பிருதோம், கவலப்படாதீய" என்றான். பிக்கப் என்பது ஏதோ ஒரு சாமான், கம்பெனியில் மாட்டாமல் விட்டுவிட்டார்கள், இப்போது கொடுத்து அனுப்புகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். சொன்னபடி காலையில் இரண்டு பேர் வந்து வண்டியை எடுத்துப் போய், சாயங்காலம் கழுவித் துடைத்து, உள்ளே செண்டு அடித்து, காலடியில் காகிதம் விரித்துக் கொண்டுவந்து விட்டார்கள். கூட ஒரு சீட்டு, அதில் 'பிக்கப் - டன்' என்று இங்கிலீஷில் எழுதி, பக்கத்தில் டிக்கும் அடித்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். தேங்காய் உடைத்து, மறுபடியும் நாலு முழம் பூ வாங்கிக்கொண்டு கிளம்பினேன். குறிச்சிக்கோட்டை வந்தது. முப்பது.

இப்படியே ஆனியில் ஒரு தடவை, ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பிக்கப் இல்லை என்பேன், ஒவ்வொரு தடவையும் அனுப்பிருதோம் என்பான், செண்டு வாசனையோடு வண்டி வரும், சீட்டும் வரும். உங்கள் அத்தை முறைப்படியே செய்து பார்ப்போம் என்று, அவள் டப்பாவிலிருந்து சிவப்பு அம்புகளை எடுத்து ஆக்ஸிலேட்டரில் ஒன்று, பானெட்டில் ஒன்று, பெட்ரோல் மூடியில் ஒன்று ஒட்டிக்கூட அனுப்பினேன். அதையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள். கடைசியில் நேரிலேயே போய், தம்பி, நாலு தடவை பிக்கப் போட்டாச்சு என்று எழுதிக் கொடுத்தீங்களே, அதை எங்கேதான் மாட்டினீங்க, காட்டுங்க என்றேன். அவன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, "நாலு வாட்டியும் வீட்டுக்கே ஆளனுப்பி பிக்கப் பண்ணி, வீட்டுலயே கொண்டாந்து விட்டுருக்கோமே சார், இதுல என்ன குறை வச்சோம்?" என்று அழாக்குறையாகக் கேட்டான். அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. மூன்று மாதமாக நான் வண்டிக்கு வேகம் கேட்க, அவன் வண்டியைக் கூட்டிக்கொண்டு போய் ஊர் சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

அதற்கப்புறம் நிஜமாகவே வேலை பார்த்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பெட்ரோல் பில்டர் மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள், டேங்கைக் கழுவினார்கள், பம்பைக் கழற்றி மாட்டினார்கள், என்னமோ சென்சார் என்று ஒன்றை மாற்றினார்கள். பிறகு ஒயரைச் சொருகிக் கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லை என்றது. அது குறிச்சிக்கோட்டைக்குப் போயிருக்கிறதா தம்பி என்று கேட்டேன். ஓட்டிக் காட்டுகிறேன் என்று என்னை உட்கார வைத்து அவிநாசி வரைக்கும் போய் வந்தான். தொண்ணூறில் போகிறது. அவிநாசி ரோட்டில் எதற்குக் கோளாறு வரும், என் சம்சாரமா அவிநாசியில் இருக்கிறாள்? ஆவணியில் மறுபடி கிளம்பினேன், மறுபடி அதே இடம், அதே முப்பது. அங்கே ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிற மயிலாள் என்கிற அம்மணி, என் தலையைக் கண்டதும் டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டாள். வாடிப்போகிற மல்லிகையெல்லாம் அவள் கடை முருகன் படத்துக்குத்தான் போகிறது. "ஏனுங்க, நாலு எட்டு வெச்சா ஊர் வந்துருது, ஒவ்வொருக்காவும் இங்க வந்து திரும்பிக்கறீங்களே" என்றாள். வண்டியில் பிக்கப் இல்லீங்க அம்மணி என்றேன். அவள் என்னையும் பார்த்தாள், வண்டியையும் பார்த்தாள், டீயை நீட்டினாள்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களிடம் கேட்டுக்கொள்வது என்னவென்றால், தாங்கள் சர்க்கார் உத்தியோகம், இங்கிலீஷில் காரசாரமாக எழுதத் தெரிந்தவர். கம்பெனி தலைமை ஆபீஸுக்கு, இந்தக் காரை எடுத்துக்கொண்டு வேறு கார் கொடு என்று ஒரு கடிதம் தட்ட வேண்டும். 'பிக்கப்' என்ற வார்த்தை மட்டும் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு கார் வரும்வரை உங்கள் அத்தை அங்கேயே இருக்கட்டும். நான் வராததற்குக் கார்தான் காரணம், மனசு இல்லாமல் இல்லை என்பதை மட்டும் நீங்கள் சொல்கிற மாதிரி அவள் காதில் போட்டு வையுங்கள். அவளிடம் சொன்னதாக எனக்குச் சொல்ல வேண்டாம், சொல்லிவிட்டால் போதும்.

குழந்தைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் வளரவும், அணையில் தண்ணீர் நிறைந்து நிற்கவும், தங்களுக்குச் சீக்கிரம் பிரமோஷன் வரவும் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
ச. கந்தவேல்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி ஒட்டி வைத்து, தபாலில் போடாமல் இரண்டு நாள் ஆகிவிட்டது, பிரித்து இதைச் சேர்க்கிறேன். கம்பெனிக்கு எதுவும் எழுத வேண்டாம். நேற்று நாச்சிமுத்து வந்தான், நம் பட்டறைக்கு டெம்போ ஓட்டினவன். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடலாம் மொதலாளி என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், நான்தான் ஓட்டினேன். குறிச்சிக்கோட்டை வந்தது, முப்பதுக்கு இறங்கியது. பார்த்தாயாடா என்றேன். அவன் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. உங்க காலுதான் தானா மேல வந்துருதுங்க" என்றான். நானும் குனிந்து பார்த்தேன் மாப்பிள்ளை. மிதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், கால் அந்தரத்தில் நிற்கிறது. அங்கே வந்து கூப்பிட்டு, அவள் வரலை என்று சொல்லிவிட்டால் நான் என்ன பண்ணுவேன்? கார் கெட்டுப்போயிருந்தால் கேட்க வேண்டியதே இல்லை பாருங்கள்.

அப்புறம் நாச்சிமுத்து ஓட்டினான். உங்கள் தெரு முக்கு வரைக்கும் வந்துவிட்டோம். உங்கள் அத்தை பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். பாப்பா என்னமோ பண்ணியது, அதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை வருஷத்தில் பட்டறையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லீங்க. அதைக் கெடுக்க வேண்டாம் என்று வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன்.

அதனால மாப்பிள்ளை, மேல எழுதுன எதையும் அவகிட்டக் காட்டாதீங்க, இதை மட்டும் படிச்சுக் காட்டுங்க. அவளைக் கூட்டிட்டுப் போறதுக்கில்லை. நான் அங்க வந்து கொஞ்ச நாள் இருந்துக்கட்டுமான்னு கேளுங்க. சரின்னு சொன்னாள்னா ஒரு போன் போடுங்க, நாச்சிமுத்துவை ஓட்டச் சொல்லி அன்னைக்கே வந்துடறேன்.