டப்பா வாசம்

“இந்த பிளாஸ்டிக் டப்பா நாறுது,” என்றாள் அவள்.

கணவன் முகர்ந்து பார்த்தான். “ஒண்ணும் தெரியலையே.”

“உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?”

மூன்று வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருந்தார்கள். மாதவிலக்கு அவளுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. நினைத்தால் வரும், மாதக்கணக்கில் எட்டியும் பார்க்காது. “சில பிளாஸ்டிக்கும் வாசனைச் சாமானும் ஹார்மோனைக் குழப்பலாம். சூடான சாப்பாட்டை அதுல போடாதீங்க,” என்று முன்பு டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இப்போது வீடெங்கும் அந்த ரசாயனம் மிதப்பதாகவே அவளுக்குப் பட்டது. திரைச்சீலை அசைந்தால் ஒரு வாசம், அலமாரி திறந்தால் இன்னொன்று. தண்ணீருக்கடியில் நடப்பவள் போல மெல்ல மெல்ல அறை அறையாக நடந்தாள்.

டப்பாக்கள் பால்கனிக்குப் போயின. கணவன் கண்ணாடிப் பாட்டிலில் சாப்பாடு கொண்டுபோனான். அது பைக்குள் கவிழ்ந்து, மேனேஜர் கேட்ட ஃபைல் மஞ்சளாகிவிட்டது.

அடுத்து சோப்பும் ஷாம்பூவும் போயின. வாசம் குறையவில்லை, இப்போது கணவனிடமிருந்தே வந்தது. அவனும் பால்கனிக்குப் போனான்.

“டப்பாவுக்கும் எனக்கும் ஒரே இடமா?” என்றான், தலையணையோடு.

“கொஞ்ச நாள்தான். கோவிச்சுக்காதீங்க.”

அவள் வேலை கண்ணாடிக் கடையில், பார்வை சோதிப்பது. சென்ட் பூசிய ஒருவர் வந்து உட்கார்ந்ததும், மூச்சை அடக்கியபடி அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனாள்.

“எழுத்து தெரியுதா சார்?”

“எழுத்தா? நீங்களே தெரியலையேம்மா.”

முதலாளி அவளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பால்கனிக் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். மாலை வெயிலில் டப்பாக்கள் சின்னச் சின்ன விளக்குகளாய் ஒளிர்ந்தன. இத்தனை வருடம் இதில்தானே தின்றோம், நாமே கெடுத்துக்கொண்டோமோ என்று நினைத்தபோது கண் நிறைந்தது.

தன் இரண்டு பிள்ளைகளோடு வந்த நாத்தனார் அவளைப் பார்த்துப் பதறிப்போனாள். “என்ன அண்ணி, ஏன் அழறீங்க?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் ஒரு டப்பாவை எடுத்து முகர்ந்தாள். அப்போதுதான் வேலை முடிந்து வந்த அண்ணனை முகர்ந்தாள். பிறகு அண்ணி பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“இதுல ஒரு வாசமும் இல்ல அண்ணி. எனக்கும் ரெண்டு தடவை இப்படி மூக்கு வந்துச்சு. ரெண்டும் இப்போ உங்க மாடிப்படியில அடிச்சுக்கிட்டு இருக்கு.”