கோமதிநாயகம் இலை காத்த படலம்

அன்று சங்கரன்கோவில் கல்யாணச் சத்திரத்தில், விருந்துப் பந்தியில் வீற்றிருந்தோரையும் நின்றோரையும் முதலில் உரைப்போம். நடுநாயகமாக, மாப்பிள்ளையைப் பெற்ற கோமதிநாயகம். அவருக்கு வலப்புறம், விரலுக்குப் பழகாத மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்த மாப்பிள்ளை லிங்கேஷ். எதிர் வரிசையில், கண்ணசைவாலேயே படை நடத்தவல்ல, கோமதிநாயகத்தின் மனைவி ஜெயசித்ரா. சோற்று வாளியும் கையுமாகப் பெண்ணின் தகப்பனார் மகாராஜன். அடுக்களை வாசலில், மருமகளாகி மூன்றே நாளான இசக்கிசெல்வி. இவர்களோடு ராயகிரியிலிருந்து வேன் பிடித்து வந்த பெண்வீட்டு உறவினர் பதினெட்டுப் பேர்.

வாழி கோமதிநாயகம்! பட்டாவோடும் சிட்டாவோடும் தாலுகா அலுவலகத்தில் முப்பதாண்டு பொருத தோளினர். தம் முழங்காலைத் தாமே காணவொண்ணாதபடி முன்னேறிச் சென்ற வயிற்றினர். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு என்னும் சர்க்கரையைச் சுமந்த குருதியினர். ஊசி ஒன்றைத் தவிர வேறெதற்கும் அஞ்சா நெஞ்சினர்!

அவ்வூசியே மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைக்கு அப்பால் அவருக்காகக் காத்திருந்தது. "இந்தத் தடவையும் எரநூறத் தாண்டிச்சுன்னா இன்சுலின்தான் அண்ணாச்சி. தினமும் ரெண்டு வேளை" என்று மருத்துவர் தீர்ப்புரைத்திருந்தார். உணவு ஆலோசகர் ஜெனிபா ஒரு தாளில் வட்டம் வரைந்து, பாதிக்குக் காய்கறி, கால் பங்குக்குச் சோறு, எஞ்சிய காலுக்குப் பருப்போ மீனோ முட்டையோ என்று எல்லை வகுத்து, "சீனி, வெல்லம், கருப்பட்டி, மூணும் ரத்தத்துக்கு ஒண்ணுதான் சார்" என்றும் எழுதிக் கொடுத்திருந்தாள். பன்னிரண்டு நாள் நம் வீரர் அவ்வட்டத்துக்குள் தவமிருந்தார். பதின்மூன்றாம் நாள் வந்தது சொதி விருந்து.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்வீட்டார் படைக்கும் விருந்து அது. தேங்காய்ப்பாலில் காய்கள் நீந்தும் அந்தக் குழம்பைச் சோற்றில் குளம் கட்டித்தான் உண்ண வேண்டும். சம்பந்தியின் இலையில் வெற்றிடம் தெரிந்தால் பெண்வீட்டுக்கு இழுக்கு. 'போதும்' என்ற சொல்லுக்கு அங்கே 'இன்னும் ஒரு கரண்டி' என்று பொருள். நோயைச் சொல்லித் தப்பலாமோ எனில், அவ்வழியும் அடைபட்டிருந்தது. "சுகர்னு வாயத் தொறந்துராதீங்க. பரம்பரைச் சீக்குன்னு பொண்ணு தர யோசிப்பாவ" என்று சம்பந்தம் பேசிய நாளில் ஜெயசித்ரா இட்ட ஆணை இன்னும் நீக்கப்படவில்லை.

இலை விரிந்தது. மூன்றடி நீளப் பசும்போர்க்களம்! அதில் கால் பங்கு என்பது வீட்டுத் தட்டில் ஒன்றரைத் தட்டு என்பதைக் கோமதிநாயகம் கண்ணாலேயே அளந்துகொண்டார். ஜெனிபாவின் கணிதத்தில் வாழையிலை இடம்பெறவில்லை. ஆயினும் தளராமல், பகைவன் வருமுன் நிலத்தைப் பிடிப்பதே நல்ல சேனாபதிக்கு அழகென்று தெளிந்து, அவியலை அழைத்தார், மீண்டும் அழைத்தார், பீன்ஸ் பொரியலால் வடக்கெல்லையில் அரண் எழுப்பினார், பூசணிக் கூட்டைத் தெற்கே அகழியாக ஓடவிட்டார், நடுவே உள்ளங்கையளவு தரையை மட்டும் எதிரிக்கென விட்டுவைத்தார்.

"அண்ணாச்சிக்கு நம்ம வீட்டு அவியல் அப்படிப் பிடிச்சுப் போச்சு!" என்று மகிழ்ந்தார் மகாராஜன். மகிழ்ந்த கையோடு வாளியைச் சாய்த்தார்.

ஆவி பறக்க, மதயானை மண்டபத்துள் புகுந்தாற்போல் இறங்கிய அந்தச் சோற்றை, கோமதிநாயகம் இரு கைகளையும் கேடயமாக்கி இலைமேல் கவிழ்ந்து தடுத்தார். கரண்டி மணிக்கட்டில் மோதியது. சில பருக்கைகள் முழங்கை வரை சென்று வீழ்ந்தன.

"என்ன அண்ணாச்சி இது, குருவி கொத்துத மாதிரி! சொதிய எதுல ஊத்த? கையிலயா?"

"அவியல்லயே ஊத்துங்க. எனக்கு அப்படித்தான் பழக்கம்."

"ஏலே, இங்கன பாரு, அவியல்ல சொதி ஊத்துதாரு!" என்று ராயகிரி வரிசையில் ஒரு குரல் எழ, பதினெட்டுத் தலைகளும் திரும்பின. கோமதிநாயகம் அவியலில் சொதியைப் பிசைந்து உண்டார். சுவை மோசமில்லை. முதற்போர் அவருடையதாயிற்று.

அதன்பின் வந்தது பாயசம். வெள்ளி டம்ளரில், முந்திரி மிதக்க, மகாராஜனே இரு கையாலும் ஏந்தி வந்தார். மறுத்தால் மரியாதை போகும், குடித்தால் காலையில் ஊசி. நம் வீரர் எச்சில் கையோடு எழுந்தார். மனைவியின் ஆணையையும் மீறி, அவை அதிர முழங்கினார்:

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! எனக்குச் சுகர் இருக்கு! ஏழு வருசமா இருக்கு! நான் பாயசம் குடிக்க மாட்டேன்!"

ஜெயசித்ரா கண்களை மூடிக்கொண்டாள்.

"இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்றார் மகாராஜன். "மாப்பிள்ள பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே செல்விகிட்ட சொல்லிட்டாவல்லா? அதான் ஒங்களுக்குன்னு தனியா கருப்பட்டிப் பாயசம். சீனி ஒரு துளி கெடையாது. கருப்பட்டி சுகர ஒண்ணுஞ் செய்யாது அண்ணாச்சி."

"ஒண்ணுஞ் செய்யாது" என்றது ராயகிரி முழுவதும். "ஒடம்புக்கு நல்லதுல்லா!"

கோமதிநாயகம் மகனைப் பார்த்தார். லிங்கேஷ் மோதிரத்தைப் பார்த்தான்.

'மூணும் ஒண்ணுதான்' என்று அவர் வாயெடுத்தபோது இசக்கிசெல்வி பக்கத்தில் வந்து நின்றாள். "நானே காய்ச்சினேன் மாமா. இதான் மொதத் தடவ. நல்லாருக்கான்னு பாத்துச் சொல்லுங்க." ஆள்காட்டி விரலில் சுட்டுக்கொண்ட இடத்தில் பற்பசை அப்பியிருந்தாள்.

பீன்ஸ் அரணும் பூசணி அகழியும் இந்தப் படையை எதிர்கொள்ளக் கட்டப்பட்டவையல்ல. சோற்று மலையைத் தடுத்த கை நீண்டது, டம்ளர் உயர்ந்தது, பன்னிரண்டு நாள் தவம் ஏலக்காய் மணத்தோடு தொண்டைக்குள் இறங்கியது. "நல்லாருக்கும்மா" என்றார். பொய்யில்லை. அது மெய்யாக இருந்ததுதான் கேடு. உண்மை சொன்னவருக்கு உடனே இரண்டாவது டம்ளர் வந்தது.

இவ்வாறு, சோற்றை வென்று, நோயை மறைக்காது முழங்கி, மருமகளின் முதல் பாயசத்துக்கு இழுக்கு வராமல் காத்து, தம் குருதியை மட்டும் காவாது விட்ட பெருந்தகை கோமதிநாயகம், வெற்றிலைத் தட்டோடும் மனைவியோடும் ஆட்டோவேறி, மூன்று மணி வெயில் தார்ச்சாலையை உருக்கும் பொழுதில் தம் வீட்டு நடையை மிதித்துச் சட்டையைக் கழற்றப் போனபோது, "ரெண்டு டம்ளர். சட்டையக் கழத்தாதீங்க, ஒரு மணி நேரம் நடந்துட்டு வாங்க" என்று சொல்லி அவரைத் தெருவில் விட்டாள் ஜெயசித்ரா.

கதவைச் சாத்திப் பூட்டினாள்.