வெறும் குப்பி என்று நான் எழுதிக்கொடுத்த சனிக்கிழமை

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு கூரியர்காரர் கேற்றைத் தட்டினார். பத்து நாற்பதுக்கு என் மகளின் ஆராய்ச்சியை அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான் அரச களஞ்சியம் ஒன்றின் பொறுப்பாளன். பொருளைத் திறந்து பார்க்காமல் எதற்கும் கையெழுத்து வைக்காதவன். (கலியாணப் பதிவுப் பத்திரத்தையே இரண்டு தரம் வாசித்தவன் என்று மனைவி இன்னும் குறைப்படுவாள்.)

மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஒரு புரதத்துக்காக நான்கு மாதம் காத்திருந்தாள். மனித இரத்தத்தில் இருப்பதாம். ஆனால் இரத்தத்திலிருந்து எடுக்காமல், அதன் மரபணுவை நுண்ணுயிருக்குள் புகுத்திச் செய்விப்பதாம். மற்றப் புரதங்களைத் தின்னும் நொதிகளை அடக்கிவைப்பதே அதன் வேலை. (எங்கள் களஞ்சியக் கந்தோருக்கும் ஒரு குப்பி எடுப்பித்திருக்கலாம்.) அது இல்லாவிட்டால் மாத முடிவுக்குள் பரிசோதனை முடியாது, பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். விடுமுறை நாட்கள் என்பதால் எங்கள் கல்லடி வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, அன்று செங்கலடியில் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள்.

பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பைகளுக்கு நடுவே சுண்டுவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி. வெயிலில் பிடித்தேன், குலுக்கினேன், கவிழ்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. தகர மூடியைக் கழற்றக் கத்தி தேடினேன். மனைவி அதால் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். என் மகளின் எதிர்காலத்தைக் காப்பாற்றியது அந்த மீன்தான்.

"வெறும் குப்பி. ஏற்க மறுக்கப்பட்டது" என்று எழுதி, திகதியும் போட்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். ஏமாற்றுக்காரரைப் பிடித்துவிட்ட பெருமையோடு மகளுக்குத் தொலைபேசி எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.



"அப்பா, அது உறையவச்சு காயப்போட்ட புரதம். அடியில ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெயிலிலயா பிடிச்சீங்க?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தில் இரண்டு தரம் போய்வந்தேன். தலைக்கவசம் போட்ட ஒவ்வொருவரையும் மறித்து முகத்தைப் பார்த்தேன். மூன்றாமவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். கூரியர் கம்பனித் தொலைபேசியோ பாட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது. வீடு திரும்பியபோது மகள் வந்து கதிரையில் இருந்தாள். அழவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஒன்றே முக்காலுக்கு கேற் மறுபடி தட்டப்பட்டது. அதே கூரியர்காரர். குளிரில் வைக்கவேண்டும் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்ததை வாசித்து, காத்தான்குடியில் தன் காக்காவின், அதாவது அண்ணனின், ஐஸ்கிறீம் கடையில் அதை வைத்துவிட்டு, மற்றப் பார்சல்களைக் கொடுத்து முடித்து வந்திருக்கிறார். (அந்த எழுத்து என் கண்ணிலும் பட்டதுதான். மீன் பெட்டிக்கும் அப்படித்தானே எழுதுவார்கள்!) மகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, மரியாதையாகவே ஒன்று கேட்டார். மகளின் விசயத்தில் நான் வாய் திறக்கும்போதெல்லாம் வீட்டில் இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறார்கள்.

"பார்சல் இவங்கட பேருக்கு வந்தது. வேணாம் எண்டு இவங்கதான் சொல்லணும். நீங்க ஆர், சேர்?"