வாயுவேகத் தகடு

அந்த ஆண்டு மாசித் திருவிழாவுக்கு மேச்சேரியில் அம்மனைப் பார்க்க வந்த கூட்டத்தைவிட வாயுவேகச் சாமியாரைப் பார்க்க வந்த கூட்டம்தான் அதிகம். அவர் மந்திரித்த செப்புத் தகட்டை மஞ்சள் துணியில் முடிந்து காலில் கட்டினால் குதிரைகூடத் தோற்றுவிடுமாம்! கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமியார் மட்டும் எங்கும் பல்லக்கில்தான் போனார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

திருவிழாவில் ஓமலூரிலிருந்து மேச்சேரிக்கு ஓட்டப் பந்தயம். முதலில் வருபவனுக்கு, ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த மிட்டாதார் ஒரு ஜோடிக் காளை தருவதாகச் சொல்லியிருந்தார். ஓடப் பேர் கொடுத்த அத்தனை பேரும் தகடு கட்டிக்கொண்டார்கள். காணிக்கை ஆளுக்கொரு கோழி. ஜெயித்தவன் ஆட்டுக் கிடாவும் தர வேண்டும். எவன் ஜெயித்தாலும் தகட்டின் மகிமை. தோற்றவன் பத்தியம் தவறியவன். என்ன நேர்த்தியான வியாபாரம்!

பத்தியம் இதுதான்: பந்தயம் வரை காலையும் மாலையும் ஓட வேண்டும். கால் ஒருநாள் படுத்தாலும் மந்திரம் படுத்துவிடும்.

பாப்பாயியின் புருஷன் செங்கோடன் நல்ல ஓட்டக்காரன். நம்புவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. ஓடி ஓடிக் கெண்டைக்கால் கல்லாகி, முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பாப்பாயி வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். காளை கிடக்கட்டும், காலே போய்விட்டால் காட்டை யார் உழுவது?

"ஏனுங்க, உழுத மாட்டை மத்தியானமே அவுத்து உடறீங்க. உங்க காலு மட்டும் இரும்பா?"

"மாட்டுக்கு மந்தரம் தெரியுமா, புள்ளே?"

தெரியாதுதான். அதனால்தான் அது நொண்டவில்லை.

நியாயம் ஏறாத காதில் பொய் ஏறும் என்று பாப்பாயி அறிவாள். மறுநாள் கோயில் பக்கம் போய்வந்து சொன்னாள்:

"சாமியாரு உத்தரவுங்க. உங்களுக்கு மட்டும் தனிப் பத்தியமாம். வீக்கம் வடியற வரைக்கும் ஓடவே கூடாதாம். கம்பங்களியும் மோருமாக் குடிச்சுப்போட்டுப் படுத்துக்கோணுமாம். பந்தயம் முடியற வரைக்கும் ஆருகிட்டயும் சொல்லக் கூடாதாம்."

"சாமி சொன்னாச் செரி" என்று செங்கோடன் அப்போதே பாயை விரித்தான். நாளாக ஆக வீக்கம் வடிந்தது. கடைசியில் ஏரிக்கரையில் மெதுவாக ஓடிப் பார்த்தான். கால் லேசாயிருந்தது.

பந்தயத்தன்று, பத்தியம் தவறாமல் ஓடிப் பழகிய தங்கசாமி பாதி வழியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கூட ஓடிய கருப்பண்ணன் மாட்டுவண்டியில் வந்து இறங்கினான். மற்றவர்கள் நொண்டிக்கொண்டு வந்தார்கள். செங்கோடன் மட்டும் சீராக ஓடி வந்து முதலில் நின்றான்.

"தகட்டின் மகிமை!" என்று சாமியார் பல்லக்கிலிருந்து கையைத் தூக்கினார். பாப்பாயி ஓட்டிவந்திருந்த கிடாவின் கயிற்றைச் சீடன் பிடித்துக்கொண்டான்.

செங்கோடன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "சாமி, நீங்க சொன்னாப்பலயே ஓடாமப் படுத்துக் கெடந்தனுங்க!"

சாமியார் மனசுக்குள் கணக்குப் போட்டார். 'நான் சொல்லவில்லை' என்றால், பத்தியம் மீறியவன் ஜெயித்துவிட்டான் என்றாகும். 'சொன்னேன்' என்றாலோ, நொண்டிகள் பல்லக்கைச் சுற்றி நிற்கிறார்கள். கிடாவைப் பார்த்தார். ஆசை வென்றது.

"ஆமாமப்பா, சொன்னேன்!"

"அப்பறம் எங்களை எதுக்குங்க ஓடச் சொன்னீங்க?" தங்கசாமி தடியை ஊன்றி முன்னால் வந்தான்.

"ஓடினால் என்ன, படுத்தால் என்ன? ஜெயித்தது தகடு!"

பாப்பாயி குனிந்து, புருஷன் காலில் இருந்த மஞ்சள் துணி முடிச்சைப் பிரித்தாள். உள்ளிருந்து ஓட்டாஞ்சில்லு விழுந்தது.

"இது எங்கூட்டு ஒடஞ்ச சட்டிங்க. இவரு படுத்துக் கெடக்கயிலயே மாத்திப்போட்டேன். உத்தரவும் நாஞ்சொன்னதுதான். உங்க தகடு அதா, கெடா கழுத்துல தொங்குது. அது எடத்தை உட்டு நவுரக் காணமே!"

திடலே சிரித்தது. நொண்டிகள் தங்கள் கோழிகளைக் கேட்டு நெருக்கினார்கள். பல்லக்குத் தூக்கிகள் பல்லக்கை இறக்கிவைத்து, "எங்களுக்கும் தோளு வலிக்குதுங்க" என்று புளியமர நிழலுக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் கலவரத்தில் கருப்பண்ணன் மெல்லக் குனிந்து ஓட்டாஞ்சில்லை எடுத்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அம்மிணி, இது எந்தச் சட்டி? மிச்சச் சில்லு இருக்குதா?"

பாப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலுக்குத்தானுங்கண்ணா ஓய்ச்சல் வேணும். மூளைக்கு இதுவரைக்கும் குடுத்ததே போதுமுங்க!"